தகரம் அடித்த வீடு

தவமணிக்குத் தமிழ்தான் தாய்மொழி. ஆனாலும் வடசென்னைக் காலடிப்பேட்டையில் அவள் வாயைத் திறந்தால் தெருவே திரும்பிப் பார்த்தது. காலையில் யாரைக் கண்டாலும் "பசியாறியாச்சா?" என்று கேட்பாள். மலேசியாவில், அவள் பிறந்து வளர்ந்த கிள்ளானில், எல்லாரும் அப்படித்தான் கேட்பார்கள். இங்கே பால்காரர் ஒரு நிமிடம் முழித்துவிட்டு, "இன்னாமா, நாஸ்டா போடப் போறியா?" என்றார்.

கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிப் பெயர் வாங்கியவள் அவள். அந்தரத்தில் தொங்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, வீட்டளவு இரும்புப் பெட்டியை லாரியின் முதுகில் பூப்போல இறக்கி வைப்பாள். எண்ணூர்ப் பக்கத்தில் ஒரு தனியார் சரக்கு முனையத்தில் அந்த வேலையைச் சொல்லிக்கொடுக்க ஒப்பந்தம் போட்டு வந்தாள். கம்பெனி விடுதியில் தங்கியிருந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். தனி வீடு வேண்டும் என்று கேட்டதால், அலுவலகத்து அசோகன் இந்த மாடிப் போர்ஷனைப் பிடித்துக் கொடுத்தார்.

கீழே வீட்டுக்காரர் பொன்னுரங்கம். சொந்த விசைப்படகு வைத்திருந்தார். அதை அவரே ஓட்டவும் செய்தார். அவர் மனைவி குணசுந்தரி மார்க்கெட்டில் மீன் விற்றாள். ரவிக்குமார் ஒரே மகன், அப்பாவோடு கடலுக்குப் போகிறவன். ஆரம்பத்தில் பொன்னுரங்கம் நல்ல மனுஷராகத்தான் தெரிந்தார். நண்டு வந்தால் ஒரு பையில் போட்டு மாடிப்படியில் வைத்துவிட்டுப் போவார். படகு எஞ்சினைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தவமணியும் அவரும் நேரம் போவது தெரியாமல் பேசிக்கொண்டிருப்பார்கள்.

மார்ச் கடைசியில் கொரோனா ஊரடங்கு வந்து எல்லாம் நின்றது. விமானம் நின்றது, முனையம் பாதியாகச் சுருங்கியது. விடுதியில் இருந்த வெளிநாட்டுக்காரர்கள் முன்னமேயே கிளம்பிவிட்டார்கள். பயிற்சி முடியட்டும் என்று ஒரு வாரம் தாமதித்த தவமணி மாட்டிக்கொண்டாள். மடிக்கணினியில் பாடம் எடுத்தாள். கிள்ளானில் அம்மா வீட்டில் இருந்த மகளோடு தினமும் பேசினாள். மற்ற நேரமெல்லாம் பால்கனியில் நின்றாள். லாரிகள் ஓடாத நெடுஞ்சாலையைத் தாண்டி, முன்பு ஒருநாளும் கேட்காத கடலின் சத்தம் வீட்டுக்குள் வந்தது.

பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களைக் கணக்கெடுத்த மாநகராட்சி ஆட்கள் வந்து, கேட்டில் 'தனிமைப்படுத்தப்பட்ட வீடு' என்று ஒரு அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போனார்கள். அவள் ஜனவரியிலேயே வந்தவள் என்று சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அன்று சாயங்காலமே தெருமுனைப் பையன்கள் கூட்டமாக வந்தார்கள்.

"சீனாக்காரியை வெளிய அனுப்பு" என்று ஒருவன் கத்தினான்.

"அவ மலேசியாடா" என்றான் இன்னொருவன்.

"எல்லாம் ஒண்ணுதான்."

முதல் கல் தண்ணீர்த் தொட்டியில் பட்டது. அடுத்தது ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து விழுந்தது. தவமணி கட்டிலுக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்தாள். கண்ணாடித் துண்டு ஒன்று புருவத்தைக் கீறியிருந்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

கீழே குணசுந்தரியின் குரல் கேட்டது. கத்தவில்லை. சந்தையில் விலை சொல்லும் அதே குரல். கையில் மீன் வெட்டும் கத்தி இருந்தது.

"எவனாச்சும் படியில கால வெச்சா வஞ்சரம் மாதிரி துண்டு போட்ருவேன். உங்கம்மா வந்து கூடையில அள்ளிகினு போவட்டும். இன்னாடா பாக்கற, வா."

யாரும் வரவில்லை. கூட்டம் கலைந்த பிறகு அவள் மேலே வந்து, மஞ்சளைக் குழைத்துத் தவமணியின் புருவத்தில் அப்பினாள்.    அன்றிலிருந்து தவமணி அவளுக்கு 'மலேசியாக்கா' ஆனாள்.

ஏப்ரலில் ஒருநாள் பொன்னுரங்கம் படகைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று காசிமேட்டுக்குக் கிளம்பினார். வழியில் தடுப்புப் போட்டு நின்றிருந்த போலீஸ்காரர்கள் வண்டியைப் பிடுங்கிக்கொண்டார்கள். எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு, "என் படகைப் பாக்கப் போறேன், நீ யார்ரா கேக்க" என்று சொல்லிவிட்டார். லத்தி முதுகில் விழுந்தது, தொடையில் விழுந்தது. பிறகு நடுரோட்டில், தெரிந்தவர்கள் பார்க்க, காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட வைத்தார்கள். அதை யாரோ செல்போனில் எடுத்தார்கள். அவர் நடந்தே வீடு வந்து சேருவதற்குள் அந்தப் படம் தெருவுக்கு வந்துவிட்டது.

அவர் கேட்டைத் திறந்து உள்ளே வந்ததைத் தவமணி பால்கனியிலிருந்து பார்த்தாள். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. குணசுந்தரி ஓடிவந்து, "இன்னாயா ஆச்சி" என்று தோளைத் தொட்டாள். அவர் திரும்பி அவளை அறைந்தார். அறைந்த கை நிற்கவில்லை. வீட்டுக்குள்ளிருந்து ரவிக்குமார் வந்து, அப்பாவின் இரண்டு கைகளையும் பின்னால் சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"வேணாம் நைனா. வுடு. அப்பால நான் சும்மா இருக்க மாட்டேன்."

இருபத்து இரண்டு வயதுப் பையன், வலை இழுத்த தோள்கள். பொன்னுரங்கம் திமிறிப் பார்த்துவிட்டு அடங்கினார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர் கை எழும்போதெல்லாம் மகன் எழுந்து நிற்பான். கை இறங்கிவிடும். மதுக்கடை மூடியிருந்த நாட்களில் கள்ளத்தனமாக வந்த பாட்டில்கள் அவருக்கு எப்படியோ கிடைத்தன. கிடைக்காத நாட்களில் உடம்பு உதற, சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார்.

ஜூனில் ரவிக்குமாருக்குக் காய்ச்சல் வந்தது. சோதனையில் தொற்று என்று வந்ததும் ஆம்புலன்ஸில் ஏற்றி, ஒரு கல்லூரியில் போட்டிருந்த முகாமுக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் மாநகராட்சி ஆட்கள் தகரத்தோடு வந்தார்கள். கேட்டின் மேல் சவுக்குக் கட்டையைக் குறுக்கே வைத்து, தகரத்தை அடித்து மூடினார்கள். ஒவ்வொரு ஆணி இறங்கும்போதும் தகரம் அதிர்ந்து வீடு முழுக்க ஒலித்தது. மூன்று பேரும் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசி ஆணி இறங்கியதும் பொன்னுரங்கம் மாடியை நிமிர்ந்து பார்த்தார்.

"எல்லாம் இதால வந்துச்சு" என்றார். இது என்று அவர் சொன்னது தவமணியை.

அன்று மாலையே கீழே ஆரம்பித்துவிட்டது. தவமணிக்குத் தரை வழியாகக் கேட்டது. ஏதோ விழும் சத்தம், அப்புறம் எதுவும் இல்லை, அப்புறம் மறுபடியும் விழும் சத்தம். அழுகை கேட்கவில்லை. அதுதான் அவளைக் கலங்கடித்தது. இறங்கிப் போய்க் கதவைத் தட்டினாள். குணசுந்தரி ஒருபக்க முகம் மட்டும் தெரியும்படி கதவைத் திறந்தாள்.

"என்ன சுந்தரி, அடிக்கிறாரா?"

"அவரு கடலுக்குப் போவ முடியலனு பேஜாருல கீறாருக்கா. நீ இதுல தலையிடாத. ஏரோபிளேன் ஏறப்போறவ."

அது உண்மைதான். மலேசியாவுக்குச் சிறப்பு விமானம் ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. தனிமைக்காலம் முடிந்து இரண்டொரு நாளில் புறப்பாடு. மகளிடம் சொல்லியாகிவிட்டது.

அடுத்த முறை சத்தம் கேட்டபோது போலீசுக்குப் போன் செய்தாள். எடுத்தவர் விலாசத்தைக் கேட்டார். தகரம் அடித்த வீடா என்று கேட்டார். "உள்ள வர முடியாதும்மா. காலம் முடியட்டும், வந்து விசாரிக்கிறோம்" என்று வைத்துவிட்டார். எதிர்வீட்டு ஜஸீமா மட்டும் தினமும் தகரத்துக்கு மேலாக ஒரு கூடையைக் கயிற்றில் கட்டி இறக்கி, காய்கறி கொடுத்தாள். குணசுந்தரியின் உதடு கிழிந்திருந்ததைப் பார்த்து, "யா அல்லா" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

அது ஒரு நடுப்பகல். கரண்ட் போயிருந்தது. வெக்கையில் தகரம் தொட முடியாமல் கொதித்தது. பொன்னுரங்கத்துக்கு ஒரு போன் வந்தது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து மற்ற படகுகள் போய்க்கொண்டிருக்கையில், அவர் படகையும் அவருடைய ஆட்களே வேறொரு ஓட்டுநரை வைத்து எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். இழுவலை நிறைய மீனோடு திரும்பியிருக்கிறார்கள். போன் செய்தவன் சந்தோஷமாகத்தான் சொன்னான். அவர் போனைச் சுவரில் எறிந்தார். பிறகு மூலையில் கிடந்த படகுக் கயிற்றை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு வந்தார்.

"எறங்குடி. நோயை இட்டாந்துட்டு மேல குந்திகினு கீறியா? என் கடலு போச்சு, என் புள்ள போச்சு. எறங்குடி கீய."

தவமணி கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். கயிறு கதவில் விழுந்தது. அந்த அதிர்வு அவள் முதுகுக்குள் போனது. மறுபடியும் விழுந்தது. தாழ் பிடுங்கிக்கொள்ளும் என்று தோன்றியபோது சத்தம் நின்றது. குணசுந்தரி படியேறி வந்து பின்னாலிருந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அவள வுட்ரு. வந்த பொம்பள. உனக்கு அடிக்கணும்னா என்ன அடி."

அவர் திரும்பினார். தவமணிக்கு ஜன்னல் வழியாகத்தான் தெரிந்தது. தலைமயிரைக் கையில் சுற்றிக்கொண்டு அவளைப் படியில் இழுத்துக்கொண்டு போனார். ஒவ்வொரு படியிலும் அவள் இடுப்பு இடித்தது. வீட்டின் பக்கவாட்டில் அடிபம்பு இருந்தது. அதன் இரும்பில் அவள் நெற்றியை மோதினார். பிறகு கயிற்றை அவள் கழுத்தில் போட்டு, முதுகில் முழங்காலை ஊன்றி, இரண்டு கையாலும் இழுத்தார். நங்கூரம் இழுக்கிறவனின் நிதானத்தோடு இழுத்தார்.

சுற்றியிருந்த மாடிகளில் தலைகள் முளைத்தன. ஒருவன் செல்போனைத் தூக்கிப் பிடித்தான். "டேய் டேய், வுடுடா" என்று யாரோ கத்தினார்கள். ஜஸீமா மட்டும் தெருவில் இறங்கி ஓடிவந்து, தகரத்தை இரண்டு கையாலும் அடித்தாள். ஆனால் தகரத்தைத் தாண்டி யாரும் வரவில்லை. உள்ளே நோய் இருந்தது.

தாழைத் திறந்தது தவமணிக்கு நினைவில்லை. படியில் இறங்கியதும் நினைவில்லை. அவர் தோளைப் பிடித்து இழுத்தாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் முழங்கையை வீசினார். அவள் பல் உடைந்தது. வாய்க்குள் ரத்தமும் பல் துண்டும் சேர்ந்து உருண்டன. பம்பின் காலடியில் விழுந்தவள் அண்ணாந்து பார்த்தபோது, குணசுந்தரியின் முகம் நாவற்பழ நிறத்துக்கு மாறியிருந்தது. கால்கள் மண்ணை உதைப்பதை நிறுத்திவிட்டிருந்தன.

பம்பின் கைப்பிடி ஒரு முளையில்தான் நின்றிருந்தது. தவமணி முளையை உருவினாள். இரும்புக் கைப்பிடி கழன்று கைக்கு வந்தது. எழுந்து நின்று, இரண்டு கையாலும் ஓங்கி, அவர் தரையில் ஊன்றியிருந்த காலில் அடித்தாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. காய்ந்த மட்டை முறிவது போன்ற சத்தம்.

பொன்னுரங்கம் பக்கவாட்டில் சரிந்தார். கயிறு தளர்ந்தது. குணசுந்தரி மண்ணில் கவிழ்ந்து, மூச்சை இழுத்தாள். அந்த மூச்சு ஒரு விலங்கின் சத்தத்தோடு உள்ளே போனது. இருமினாள், வாந்தி எடுத்தாள். பிறகு மெல்ல எழுந்து வந்து, தவமணியின் கையிலிருந்து கைப்பிடியை வாங்கிக்கொண்டாள். வாங்கிய விதம் சாதாரணமாக இருந்தது. ஏதோ குடத்தை வாங்குவது போல.

முறிந்த அதே காலில் அடித்தாள். மறுபடி அடித்தாள். இடுப்பில் அடித்தாள். பொன்னுரங்கம் கையை உயர்த்தி, "சுந்தரி, சுந்தரி" என்றார். அந்தக் கையிலும் விழுந்தது. வாயைத் திறக்காமல், மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு, அவள் அடித்துக்கொண்டே இருந்தாள். அடுத்த ஓங்கல் தலைக்கு நேராக உயர்ந்தபோதுதான் தவமணி அவளைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தாள்.

"போதும் சுந்தரி. போதும்லா. செத்துருவாரு."

"சாவட்டும்."

"மகன் வருவான். அவன்கிட்ட என்ன சொல்லுவ?"

கைப்பிடி கீழே விழுந்தது. இருவரும் அப்படியே ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தார்கள்.

ஜஸீமா கூப்பிட்ட ஆம்புலன்ஸ் வந்தது. தலை முதல் கால்வரை வெள்ளை உடுப்பில் இருந்தவர்கள் தகரத்தைப் பிடுங்கிவிட்டு உள்ளே வந்து பொன்னுரங்கத்தைத் தூக்கினார்கள். தூக்கும்போது கால் தனியாகத் தொங்கியது. அவர் கத்தியது தெருமுனை வரை கேட்டது. பின்னாலேயே சப்-இன்ஸ்பெக்டர் ஸ்டானிஸ்லாஸ் வந்தார். உள்ளே வரவில்லை. முகக்கவசத்தோடு கேட்டுக்கு வெளியே நின்றபடி விசாரித்தார்.

"யாரும்மா அடிச்சது?"

"நான்தான் சார்" என்றாள் குணசுந்தரி. குரல் கரகரத்தது.

"முதல்ல அடிச்சது நான்" என்றாள் தவமணி. உடைந்த பல்லின் வழியே காற்று போனது.

குணசுந்தரி அவள் கையைக் கிள்ளினாள். "வாய மூடுக்கா. கேஸு ஆச்சின்னா உன்ன ஊருக்கு வுட மாட்டானுங்க. உன் பொண்ணு அங்க காத்துகினு கீது."

 தவமணிக்கு மகளின் முகம் நினைவுக்கு வந்தது. விமானத்தில் தன் இருக்கை காலியாகப் போவதும் கண்முன் வந்தது. பேசாமல் இருந்துவிடலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்று நினைத்தாள்.

"இவ கழுத்தைப் பாருங்க சார்" என்றாள். "கயித்துல இறுக்குனாரு. செத்துட்டான்னுதான் நினைச்சேன். அதனால அடிச்சேன். ரெண்டையும் எழுதுங்க."

ஸ்டானிஸ்லாஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். தொற்று வீட்டிலிருந்து யாரையும் ஜீப்பில் ஏற்ற முடியாது, ஸ்டேஷனில் உட்கார வைக்கவும் முடியாது. "ஆஸ்பத்திரியில அவரை விசாரிச்சுட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் ரெண்டு பேரும் எங்கயும் போகக் கூடாது" என்றார்.

"நாங்க எங்க சார் போறது" என்றாள் குணசுந்தரி. அவளுக்கு எதிரே, கேட்டில், மாநகராட்சி ஆள் தகரத்தைத் திரும்ப நிமிர்த்திக்கொண்டிருந்தான்.

அடுத்து வந்த நாட்களில் குணசுந்தரி மாடியிலேயே படுத்தாள். சோறு இறங்கவில்லை, கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கினாள். கழுத்தைச் சுற்றிக் கயிற்றின் முறுக்கு அப்படியே பதிந்து, கறுத்து, பிறகு பச்சையாக மாறியது. தவமணிக்குத் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் அந்த மட்டை முறிந்தது. பயத்தைவிட மோசமான ஒன்று அவளைத் தின்றது. அதைச் சொல்லிவிட்டாள்.

"அடிச்சப்ப எனக்கு நல்லா இருந்துச்சு சுந்தரி. கல்லெறிஞ்சவன், போன் எடுத்த போலீஸ், எல்லாரையும் சேர்த்து அடிச்ச மாதிரி இருந்துச்சு. நான் அப்படிப்பட்டவ இல்ல."

குணசுந்தரி கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "எனக்கு மட்டும் இன்னா, அயுகையா வந்துச்சி?"

இரண்டு பேருக்கும் சோதனையில் தொற்று இல்லை என்று வந்த அன்று ஸ்டானிஸ்லாஸ் போன் செய்தார். பொன்னுரங்கம் வாக்குமூலம் கொடுத்துவிட்டாராம். மாடிப்படியில் வழுக்கி விழுந்தேன், யார் மேலும் புகார் இல்லை என்று கைநாட்டு வைத்துவிட்டாராம். "முடிஞ்சு போச்சும்மா. மலேசியா அம்மா தாராளமா கிளம்பலாம்" என்றார்.

தவமணிக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. திரும்பிப் பார்த்தால் குணசுந்தரியின் கண்கள் சிவந்திருந்தன. போனை வாங்கினாள்.

"பொம்பள கையால வாங்குனேன்னு அவரு வாயால வராது சார், அது எனக்குத் தெரியும். நான் கேக்கறது வேற. அப்ப என் கயுத்துக்கு இன்னா எய்திக்கிறீங்க?"

குணசுந்தரி போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"வழுக்கி வுயுந்தவரு கையில கயிறு எப்படி வந்துச்சினு எய்தணும் சார். தகரம் எடுத்ததும் நான் வரேன். நான் சொல்ல நீங்க எய்துங்க. நாளிக்கி அவரு எயுந்து நின்னார்னா எனக்கு அந்தக் காகிதம் வோணும்."

சொன்னபடியே போனாள். தவமணியும் கூடப் போனாள். நெடுநேரம் காக்க வைத்தார்கள். வீட்டு விவகாரத்தை வீட்டோடு வைத்துக்கொள்ளக் கூடாதா என்று ஒரு ஏட்டு அறிவுரை சொன்னார். குணசுந்தரி முந்தானையை விலக்கிக் கழுத்தைக் காட்டியபடி, அவர் பேசி முடிக்கும்வரை நின்றாள். கடைசியில் எழுதிக்கொண்டார்கள்.

ரவிக்குமார் முகாமிலிருந்து இளைத்துத் திரும்பினான். அம்மாவின் கழுத்தைப் பார்த்தவன் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான். கையை இறுக்கி மூடியிருந்தான்.

"குந்து" என்றாள் குணசுந்தரி. "நீயும் ஆரமிச்சிடாத. அவரு காலு போச்சு. படகு இனிமே உன்னுது. அத்தப் போய்ப் பாரு."

தவமணியின் விமானத்துக்கு முந்தின நாள் பொன்னுரங்கத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். காலுக்குள் கம்பி வைத்திருந்தார்கள். ரவிக்குமாரும் ஆட்டோக்காரரும் தாங்கிவந்து, முன்னறைக் கட்டிலில் கிடத்தினார்கள். உள்ளறையின் சாவி குணசுந்தரியின் இடுப்பில் தொங்கியது. அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கன்னம் ஒட்டி, தாடி நரைத்து, அந்தக் கட்டிலுக்கே அவர் சிறியவராகத் தெரிந்தார். தவமணிக்கு இரக்கமும் வந்தது, கை விரல்கள் தானாக மடங்கவும் செய்தன.

பெண்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கடல் திறந்த பிறகு வந்த சங்கரா மீன் குழம்பு. அவருக்கும் ஒரு தட்டில் போட்டுக் கைக்கு எட்டும் தூரத்தில் ஸ்டூலில் வைத்திருந்தாள் குணசுந்தரி. அவர் இரண்டு வாய் சாப்பிட்டார். விக்கல் எடுத்தது.

"தண்ணி" என்றார். பிறகு, பழைய பொன்னுரங்கத்தின் குரல் லேசாக எட்டிப் பார்த்தது. "தண்ணி குடுடி."

தவமணி எழப்போனாள். குணசுந்தரி இடது கையால் அவள் முழங்காலை அழுத்தினாள்.

"இரு. சாப்டுகினு கீறோம்" என்றாள், கட்டில் பக்கம் திரும்பாமலே.

மீனின் நடுமுள்ளை உருவி ஓரத்தில் வைத்தாள். சோற்றைப் பிசைந்து அவசரப்படாமல் சாப்பிட்டாள். தவமணியின் தட்டில் இன்னொரு துண்டு வைத்தாள். விழுங்கும்போது இன்னும் வலித்தது. ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தாள். கட்டிலில் விக்கல் வந்துகொண்டேயிருந்தது. தட்டை வழித்து முடித்து, கை கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்ட பிறகு, ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுபோய் ஸ்டூலில் வைத்தாள்.